அப்பாவின் கிரியேற்றினினும் ஒரு போயா நாளும்

அப்பாவுக்கு பைபாஸ் செய்தது, ஐசியூவில் வைத்திருந்தது, வார்டுக்கு மாற்றியது எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. என்னை அலைக்கழித்தது ஒரு துண்டுக் கடதாசிதான்.

அதற்கு முதல் ட்ரோபொனின் கூத்தைச் சொல்லவேண்டும். இதயத் தசை புண்பட்டால் இரத்தத்தில் கூடும் புரதம் அது. ஒப்பரேஷனுக்கு அடுத்த நாள் அது 2,140. பக்கத்தில் அச்சடித்திருந்த எல்லை 26. அத்தான் அதைப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் அங்கிருந்து அழுகையோடு போன். டொக்டருக்குச் சிரிப்பு. "இதயத்திலேயே கை வைச்சுத் தைச்சிருக்கிறம், இது கசியாமல் இருக்குமே?" என்றார். 2022இல் 13,862 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்ததாம். பைபாஸுக்குப் பிறகு முதல் நாளில் லீற்றருக்கு 5,670 நானோகிராமைத் தாண்டியபோதுதான் 30 நாளுக்குள் இறக்கும் ஆபத்து தெளிவாகக் கூடியிருந்ததாம். வழமையான எல்லையின் 218 மடங்கு அது. அதுவும் ட்ரோபொனின் ஐ வகைக்கு மட்டும். டீ வகை என்றால் கணக்கே வேறு.

சரி, அது தணிந்தது. இரண்டாம் நாள், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேற்றினின் 1.5 என்று வந்தது. "முந்தி எவ்வளவு?" என்று கேட்டார்கள். 0.3 கூடினாலே சிறுநீரகத்தைக் கவனிக்கவேண்டுமாம். ஒப்பரேஷனுக்கு முதல் வெளியில் எடுத்த றிப்போட், கொடுத்த கோப்பில் இல்லை. வீட்டிலும் இல்லை.

அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்து லாபுக்குப் போனால், கதவில் பூட்டு. போயா, பௌர்ணமி விடுமுறை! கலண்டரைப் பார்க்காத என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மறுநாள் திரும்பப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அண்ணை, பில் நம்பர் இல்லாமல் எடுக்கேலாது." பில் என்னிடம் இருந்தது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வெந்து, எழுத்தெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைக் கடதாசியாக! அந்த மினுமினுப்புக் கடதாசி சூட்டுக்கு நிற்காது, வாங்கிய கையோடு போனில் படமெடுத்து வையுங்கள். கடைசியில் அப்பாவின் போன் நம்பரையும் தேதியையும் சொல்லிக் கெஞ்சிய பிறகு, ஒரு நிமிடத்தில் தேடி எடுத்துத் தந்தார். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் முக்கால் மணித்தியாலம் நின்றேன்.

அதில் 97 என்று இருந்தது. எனக்கு மூச்சே நின்றது. 97 எங்கே, 1.5 எங்கே? வார்டில் காட்டியபோது தாதி மிஸ்ஸி விரலால் தொட்டுக் காட்டினார்: அலகுதான் வேறு, இது மைக்றோமோல், அது மில்லிகிராம். 88.4ஆல் பிரித்தால் 1.1. ஆக, 0.4 ஏறித்தான் இருந்தது. அவர்கள் அதற்குள் சும்மா இருக்கவில்லை, சிறுநீரை மணித்தியாலக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒரு வலி மருந்தையும் மாற்றினார்கள். பிறகு 1.4, அப்புறம் 1.2.

படமெடுக்கும்போது இலக்கத்தோடு அலகும் விழவேண்டும். முடிந்தால் ஒரே லாபில் எடுங்கள். இதயம் திணறுகிறதா என்று பார்க்கும் இரத்தச் சோதனைகளான பிஎன்பியும் என்டி-புரோ பிஎன்பியும் பெயரில்தான் சொந்தம், இலக்கத்தை ஒப்பிடக்கூடாது.

1.2 வந்த செய்தி இன்னும் கனடாவுக்குப் போகவில்லை. அத்தானிடம் டேட்டா முடிந்துவிட்டதாம்.