லெப்பர்ட் கெக்கோவில் புடைப்பு: சோடியா, தனியா?

வீட்டில் வளர்க்கும் பல்லி வகையான லெப்பர்ட் கெக்கோவின் உடம்பில் புடைப்பு ஒன்றைக் கண்டால் முதலில் கை போவது நசுக்கிப் பார்க்கத்தான். அதைத்தான் செய்யக் கூடாது. வளர்ந்ததே பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரைதான் இருக்கும். உள்ளே கிடப்பது முட்டையென்றால் வயிற்றுக்குள்ளேயே உடைந்துவிடும். தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு, மூடியைப் போட்டு, பெட்டியைக் கண்ணுக்கு மேலே தூக்குங்கள். ஃபோன் டோர்ச்சைப் பக்கத்தில் பிடித்து அடியிலிருந்து பாருங்கள். புடைப்பு சோடியாக இருக்கிறதா, தனியாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தால் அநேகமாகப் பயமில்லை. முன்கால் கமக்கட்டில் மெத்தென்ற குமிழிகள் நன்றாகத் தின்னும் கெக்கோவுக்கு வரும், நோயல்ல. ஆனால் வால் கழுத்தை விட அகலமாகிவிட்டால் தீனி கூடிவிட்டது என்று அர்த்தம். கொழுப்புக் கூடிய இரையான மெழுகுப்புழுவை நிறுத்துங்கள், வளர்ந்ததற்குக் கிழமைக்கு இரண்டு தடவை தீனி போதும். ஆணின் வாலடியில், மலவாசலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மேடுகள் அதன் இனப்பெருக்க உறுப்புகள். ஒன்று மட்டும் பெருத்தாலோ, மெழுகு போல மஞ்சளாக ஏதாவது துருத்தினாலோ உள்ளே அடைப்பு. ஊசியால் கிண்ட வேண்டாம். உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றால், சீனிக் கரைசலில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து, காயவிடாமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சோடியாக இருந்தும் கவனிக்க வேண்டியது முட்டை. வயிற்றின் இரு பக்கமும் வெள்ளையாக, நீள்வட்டமாகத் தோலுக்கு ஊடாகத் தெரியும். “ஆணே இல்லையே, எப்படி?” என்று கேட்பார்கள். கோழியைப் போலத்தான், ஆண் சேராமலும் முட்டை வரும். வழமையாக ஒரு தடவைக்கு இரண்டு. இடுவதற்கு இடம் கிடைக்காவிட்டால் அடக்கி வைத்துக்கொள்ளும், அங்கேதான் ஆபத்து. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் கெக்கோ நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே எட்டுப் பத்து சென்டிமீற்றருக்குத் தும்புத்தூள் நிரப்புங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் விழும் ஈரம் போதும். ஒன்றை இட்டுவிட்டு மற்றது உள்ளே நின்றாலோ, தோண்டித் தோண்டிக் களைத்துப் படுத்தாலோ பொறுத்திருக்க வேண்டாம், வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

தனிக் கட்டி வேறு கதை. தாடையோரம், கால், கடிபட்ட இடம் என்று ஒரு பக்கத்தில் மட்டும் கெட்டியாக எழும்பினால் முதலில் சீழ்க்கட்டியை நினையுங்கள். மனிதருக்கு வருவது போல இந்தச் சீழ் இளகி ஓடாது. ஊர்வனவின் வெள்ளை அணுக்களில் சீழை இளக்கும் நொதி இல்லாததால், அது பாற்கட்டி போல உறைந்து தன்னைச் சுற்றி ஓர் உறையும் கட்டிக்கொள்ளும். ஆகவே சுடுநீர் ஒத்தடம், பிதுக்கல் எதுவும் பலிக்காது. உறை கிழிந்து தொற்றுப் பரவுவதுதான் மிச்சம். வைத்தியர் கீறி, உறையோடு எடுத்துக் கழுவ வேண்டும். சீழை மட்டும் எடுத்து உறையை விட்டால் திரும்பவும் வரும். வீட்டில் இருக்கும் மனிதர் களிம்பைப் பூசாதீர்கள். வலி மரப்பு மருந்து கலந்த களிம்பு இந்தச் சிறிய உடம்புக்கு நஞ்சாகலாம்.

வயிற்றில் கருநீலமாக ஒரு திரட்சி தெரிந்து, மலமும் போகாவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம். திருகோணமலையில் இதற்கு வாசல் திறப்பது மணல். நிலாவெளி மணல் பார்க்க அழகு, காசும் இல்லை. ஆனால் இரையோடு சேர்ந்து உள்ளே போகும், சிப்பித் துண்டும் உப்பும் கூடவே. தொட்டிக்குக் கடதாசி அல்லது தரை ஓடு போதும். சூடு குறைந்தாலும் செரிக்காது: சூடான மூலையின் தரை 32 முதல் 34 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். மார்கழி மழையில் கரண்ட் போகும் இரவுகளில் இதை மறந்துவிடுகிறோம்.

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பார்க்க வேண்டியது விரல்களை. உரியும் பழைய தோல் (சட்டை) காய்ந்து, முழுதாகக் கழலாமல் விரலில் வளையமாக இறுகி, நுனியை வீங்கச் செய்யும். விட்டால் விரலே போய்விடும். கால் மூழ்கும் அளவு இளஞ்சூட்டு நீரில் 15 நிமிடம் நிற்கவிட்டு, பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டுங்கள். காய்ந்தபடி இழுத்தால் தோலும் வரும். கால் எலும்பு முடிச்சிட்டு வளைந்தால், தாடை இளகினால், அது கல்சியக் குறைவு. இரையில் வைட்டமின் டி3 கலந்த கல்சியத் தூளைத் தூவாமல் விட்டதன் கணக்கு.

லெமன் ஃப்ரொஸ்ட் நிறவகை வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. தோலில் வெள்ளையாகத் தடிக்கும் கட்டிகள் இவற்றில் 80 வீதத்துக்கும் மேலானவற்றுக்கு வருகின்றன. 2021 இல் வெளியான ஆய்வு இதை ஸ்பிண்ட்1 என்ற மரபணுவோடு பிணைத்தது. அந்த அழகு நிறமும் அந்தப் புற்றும் ஒரே வேரில் வருபவை.

நம்மூரில் மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடும் ஆடும் நாயும் பார்ப்பவர்கள். ஊர்வன பார்ப்பார்களா என்று முதலே ஃபோனில் கேளுங்கள். இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. பஸ்ஸில் போனால் அரை நாள் கழியும். காற்றுத் துளையுள்ள டப்பாவில் ஈர ரிஷூ விரித்து, ஏசிக் காற்று நேரே படாமல் மடியில் வையுங்கள். புடைப்பின் பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படங்கள், கிழமைக்கு ஒரு தடவை நிறுத்த எடைக் கணக்கு, கடைசியாக இருந்த மலம் ஒரு சிறு பையில்: மூன்றையும் கொண்டுபோனால் வைத்தியர் முதலில் கேட்பதற்குப் பதில் கையில் இருக்கும்.