ஜெனோவா நாட்குறிப்பு: கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பச்சை

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

மிலானிலிருந்து இத்தாலியின் இந்தத் துறைமுக ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எங்கு பார்த்தாலும் சரிவு. முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் கிடைத்த கொஞ்ச இடத்தில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் உயரமான வீடுகள்.

இரவு அப்பாவுக்கு போன் செய்தேன். முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். இந்தத் துறைமுகத்துக்கு மூன்று தடவை வந்திருக்கிறார், ஊருக்குள் போனதில்லை. "அந்த லைட் ஹவுஸ் இருக்காம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறது. 77 மீட்டர் உயரம், 1543இல் இருந்து அதே இடத்தில் நிற்கிறது. அவருக்கு இந்த ஊரில் தெரிந்தது அது ஒன்றுதான். மிச்சத்தை நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை உணவு நடைக்கு, வழிகாட்டியோடு நடந்து ஊர்ச் சாப்பாட்டைச் சுவைத்துப் பார்ப்பதற்கு, பணம் கட்டியாயிற்று.

அக்டோபர் 14, திங்கள்

பழைய நகரத்தின் சந்துகளை இங்கே கருஜி என்கிறார்கள். சிலவற்றில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிறது. போனில் வரைபடம் வேலை செய்யவில்லை, ஒரு மணி நேரம் சுற்றினேன். ஒரு பேக்கரி வாசனைதான் கடைசியில் வழிகாட்டியது.

ஃபோகாச்சா என்னும் தட்டை ரொட்டி. இரண்டு விரல் தடிமனுக்கும் குறைவு. மாவில் விரல்களால் குழி குழியாக அழுத்தி, உப்புத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிச் சுடுகிறார்கள். குழியில் தேங்கிய இடம் வெள்ளையாக, மெத்தென்று இருக்கிறது, மேடு மொறுமொறுப்பு. பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் கப்புச்சினோவில் தோய்த்துச் சாப்பிட்டார். நானும் தோய்த்தேன். உப்பும் பால் காப்பியும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று நினைக்கவே இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

நடை காலை ஒன்பதரைக்கு மெர்க்காத்தோ ஒரியென்தாலே சந்தையில் தொடங்கியது. பெயரைப் பார்த்துக் கீழைநாட்டுச் சரக்கு விற்கும் இடமோ என்று நினைத்திருந்தேன். நகரத்தின் கிழக்குப் பக்கம் இருப்பதால் அந்தப் பெயராம். 1899இல் திறந்தது. நாங்கள் எட்டுப் பேர். வழிகாட்டிப் பெண் இந்த ஊர்க்காரர், பாட்டி காலத்திலிருந்தே இந்தச் சந்தைக்கு வருபவர். ஒவ்வொரு கடைக்காரரிடமும் நின்று வீட்டு விஷயம் பேசிவிட்டுத்தான் நகர்ந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மீன் பகுதியில் ஒரு ஆச்சரியம். நெத்திலி மாதிரியான சின்ன மீன் குவியலுக்குப் பக்கத்திலேயே கட்டை கட்டையாகக் காய்ந்த மீன். ஸ்தோக்காஃபிஸ்ஸோ, நார்வேயிலிருந்து வருவது. வாசலில் கடலை வைத்துக்கொண்டு வடதுருவத்துக்குப் பக்கத்திலிருந்து மீன் வாங்குகிறார்கள்! உப்புப் போடாமல் குளிர்காற்றில் உலர்த்தியது, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, உருளைக்கிழங்கும் ஆலிவும் சேர்த்து மெதுவாக வேகவைப்பார்களாம்.

அடுத்த கடையில் ஒரு கட்டு காட்டுக்கீரை. பிரெபுஜ்ஜூன் என்று பெயர். அது ஒரே கீரை இல்லை. மலைச்சரிவில் அந்தப் பருவத்தில் முளைத்ததெல்லாம் சேர்ந்த கலவை. இதை ரிக்கோட்டா என்னும் மென்மையான சீஸோடு பிசைந்து பான்சோத்தி என்னும் குண்டு வயிற்றுப் பாஸ்தாவுக்குள் வைத்து, அரைத்த வால்நட் சாறு ஊற்றிப் பரிமாறுவார்கள். அப்போதுதான் வழிகாட்டி அதைச் சொன்னார்: துறைமுக ஊர் என்றால் மீன் சாப்பாடு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் எங்கள் ஊர்ச் சமையல் மலையைப் பார்த்த சமையல், மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்றுவிட்டு இறங்குகிற கப்பல்காரனுக்கு வேண்டியிருந்தது பச்சையாக ஏதாவது ஒன்று.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்பா ஒவ்வொரு தடவை தூத்துக்குடி வீட்டுக்கு வந்து இறங்கும்போதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அம்மாவிடம் கேட்பது முருங்கைக்கீரை. அம்மா காலையிலேயே உருவி வைத்திருப்பார். சின்ன வயதில் எனக்கு வருத்தமாக இருக்கும், எங்களை விட்டுவிட்டு முதலில் கீரையைக் கேட்கிறாரே என்று.

அப்புறம் சோசீலியா சதுக்கத்தில் ரோமனெங்கோ மிட்டாய்க் கடை. 1780இல் தொடங்கிய குடும்பத் தொழில். பாகில் ஊறிய முழுப் பழங்கள் கண்ணாடிக்குப் பின்னால் மின்னின. எனக்கு இனிப்பு கொஞ்சம் போதும்.

கடைசியில் துறைமுகத்தை ஒட்டிய சோத்தோரிபா வளைவுகள். இப்போது சாலை ஓடும் இடம்வரை ஒரு காலத்தில் கடல் இருந்தது. அங்கே விறகு அடுப்பில் ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மாவைக் கரைத்து மணிக்கணக்கில் வைத்து, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, ஒரு மீட்டர் அகலத் தாமிரத் தட்டில் மெல்லிசாக ஊற்றி நெருப்புக்குள் தள்ளுகிறார்கள். மேலே கரகரப்பு, உள்ளே குழைவு, தூவிய மிளகு. 1284இல் மெலோரியாவில் பீசா நகரத்தோடு நடந்த கடற்போர் முடிந்து திரும்பும்போது புயலில் மாவுப் பீப்பாயும் எண்ணெயும் கடல்நீரோடு கலந்துபோக, அதை வெயிலில் காயவைத்துத் தின்றதிலிருந்து வந்தது என்று ஒரு கதை. கதைதான் என்று வழிகாட்டியே சொன்னார். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

கால் வலி. பகல் முழுக்க அறையில் தூங்கினேன்.

அக்டோபர் 17, வியாழன்

பெஸ்தோ என்னும் பச்சைத் துவையலுக்கான துளசி வகை, பசிலிகோ, விளையும் பிரா பகுதிக்கு ரயிலில் போனேன். நகரின் மேற்கு ஓரம். மேட்டில் படிப்படியாகக் கண்ணாடிக் கூடாரங்கள், கீழே நேர் எதிரே கன்டெய்னர் முனையம், ராட்சத கிரேன்கள். இரண்டும் ஒரே பார்வையில் தெரிகின்றன.

இங்கே செடியை வளரவிடுவதில்லை. ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கட்டுகிறார்கள். அந்த வயதில்தான் இலை இளசாக, புதினா வாடை இல்லாமல் இருக்கும். பளிங்கு உரலில் முதலில் பூண்டும் கல்லுப்பும், பைன் கொட்டை, பிறகு இலை, இரண்டு வகைச் சீஸ், கடைசியில் எண்ணெய். மர உலக்கையைச் சுழற்றி நசுக்க வேண்டும், ஓங்கி இடித்தால் இலை கறுத்துவிடும். மிக்ஸியின் சூட்டிலும் அதேதான் ஆகும்.

ஒரு கட்டு வாங்கி, கூடாரத்து வாசலிலிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். முதலில் கிரேன்களைக் காட்டினேன். எது எத்தனை டன் தூக்கும் என்று பேசத் தொடங்கிவிட்டார். அப்புறம் திருப்பி இலையைக் காட்டினேன்.

"அட, இவ்வளவு பக்கத்துலயாம்மா இருந்திருக்கு?" என்றார்.