டியூட்டிக்கு முந்தைய டியூட்டி

மாதப் பணி அட்டவணையான ரோஸ்டர் வெளியானதும் என் கண் இரண்டு இடங்களுக்குத்தான் ஓடும்: முதல் நாள் ரிப்போர்ட் செய்யும் நேரம், கடைசி நாள் தரையிறங்கும் நேரம். குடும்பம் ஓர் ஊரிலும், பணி தொடங்கும் விமான நிலையமான பேஸ் வேறோர் ஊரிலும் இருக்கிற விமானிகள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. காலை ஆறு மணிக்கு ரிப்போர்ட் என்றால் முந்தைய மாலையே கிளம்ப வேண்டும். இரவு பதினொன்றுக்கு இறங்கினால் வீட்டுக்கான கடைசி விமானம் போயிருக்கும். ரோஸ்டரில் நான்கு நாளாக இருப்பது வீட்டுக் கணக்கில் ஆறு நாளாகிவிடுகிறது. மதியம் தொடங்கி மதியம் முடியும் பயணங்களும் உண்டு. அவற்றையெல்லாம் முதலில் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை உள்ள சீனியர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

போகும் வழியோ ஸ்டாண்ட்பை. இடம் மிஞ்சுமா என்று கேட் அருகே நிற்போம். சீருடையைப் பார்த்த பயணிகள் நாம்தான் ஓட்டப்போகிறோம் என்று நினைத்து, ஏன் தாமதம் என்று விளக்கம் கேட்பார்கள்! கேபின் நிரம்பிவிட்டால் காக்பிட்டில் உள்ள ஜம்ப் சீட். கேப்டனிடம் அனுமதி கேட்டு, அந்த மடக்கு இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்து போக வேண்டும். அதில் தூங்கி எழுந்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பேஸில் இரவு தங்குவதற்குக் கிராஷ் பேட். பல விமானிகள் சேர்ந்து வாடகை கொடுக்கும் வீடு, அறைக்கு அறை அடுக்குக் கட்டில்கள். நிரந்தரக் கட்டிலுக்கு வாடகை அதிகம் என்பதால், அன்றைக்குக் காலியாக இருப்பதில் என் விரிப்பை விரித்துக்கொள்கிறேன். கீழ்க்கட்டிலில் ஒருவர் இரவு விமானம் முடித்து வந்து அசந்திருப்பார். அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் செருகுவேன். இருட்டிலேயே சட்டையை மாட்டி, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியேறுவேன்.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு முழுவதும் துணை விமானி சியாட்டிலிலிருந்து நெவார்க் பேஸுக்குப் பயணம் செய்திருந்தார். கேப்டன் விமான நிலையத்தின் பணியாளர் அறையில் படுத்திருந்தார். விமானம் தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று சொல்லும் ஸ்டால் எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை செய்ததே காரணம் என்றது விசாரணை; களைப்பும் இருவரையும் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று உறுதியாகக் கூற முடியாது என்றும் சொன்னது.

அதன்பின் அங்கே வந்து, 2014 ஜனவரியில் நடைமுறையான விதிகள், டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு தந்தன. ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் பயணம் டியூட்டியில் சேராது. அது ஓய்விலிருந்துதான் கழிகிறது. பயணம் வழக்கமாக 90 நிமிடத்தைத் தாண்டினால் பேஸ் அருகே தங்க ஏற்பாடு செய்வதை யோசியுங்கள் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். நல்ல யோசனைதான், செலவு யாருடையது என்பதைத் தவிர.

வீட்டையே மாற்றிவிடலாமே என்பார்கள். மாற்றிய பிறகு அந்த பேஸை நிறுவனம் மூடிவிட்ட கதைகள் எங்களுக்குள் ஏராளம்.

அண்மையில் எனக்குக் கேப்டன் வாய்ப்பு வந்தது, இன்னும் தொலைவான பேஸில். அங்கே சீனியாரிட்டிப் பட்டியலில் நான்தான் கடைசி ஆள். மாதம் முழுக்க ரிசர்வ். அழைத்தால் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதால், அழைப்பே வராத நாளையும் கிராஷ் பேடில்தான் கழிக்க வேண்டும். மனைவியும் நானும் இரண்டு இரவு பேசினோம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே துணை விமானிகளில் நான் சீனியர். மதியம் தொடங்கும் பயணங்கள் இப்போதுதான் என் கைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன.