நிபந்தனை யார் தலையில் விழுந்தது

2003 ஜூனில் டோக்கியோவில் இலங்கைக்கு உதவும் நன்கொடை நாடுகளின் மாநாடு நடந்தபோது நான் கிளிநொச்சியில் ஒரு மீள்கட்டுமான நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். ஊர் ஊராகப் போய் இடிந்த வீடுகளை எண்ணி, குடும்ப விபரம் எடுத்து, பயனாளிகள் பட்டியல் தயாரிப்பதுதான் வேலை. 51 நாடுகளும் 22 சர்வதேச அமைப்புகளும் கூடி, நான்கு ஆண்டுகளில் 4.5 பில்லியன் டொலர் தருவதாகச் சொன்னதை அலுவலக வானொலியில் கேட்டோம். பட்டியலில் இருந்த அத்தனை வீடுகளுக்கும் கூரை ஏறிவிட்டது போல அன்று இருந்தது.

பணத்தோடு நிபந்தனையும் வந்தது. சமாதான முயற்சியில் கணிசமான முன்னேற்றம் இருக்க வேண்டும், உதவி அதோடு இணைந்தே வரும் என்றது டோக்கியோ பிரகடனம். நான் அதை மனதார வரவேற்றேன். ஏனென்றால் நாங்கள் வளர்ந்தது இதற்கு நேர்மாறான ஒன்றில். தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. சீமெந்து வராது, பசளை வராது, பற்றரி வராது, மண்ணெண்ணெய் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். புலிகளின் கையைக் கட்டத்தான் தடை என்று அரசாங்கம் சொன்னது. ஆனால் தடை நீண்ட அளவுக்குப் போரும் நீண்டது. அப்படி வளர்ந்தவனுக்கு, பட்டினி போட்டுப் பணியவைப்பதைவிடப் பணத்தைக் காட்டி மேசைக்கு அழைப்பது எவ்வளவோ மேல் என்று தோன்றாதா?

ஆனால் அந்த மண்டபத்தில் ஒரு தரப்பு இருக்கவில்லை. அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டிருந்ததால், ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த ஆயத்தக் கூட்டத்துக்குப் புலிகள் அழைக்கப்படவில்லை. அந்த மாதமே அவர்கள் அரசாங்கத்துடனான சமாதானப் பேச்சை இடைநிறுத்தினார்கள், டோக்கியோவுக்கும் போகவில்லை. இருவரையும் கட்டுவதற்கென்று போட்ட நிபந்தனை, ஒருவர் இல்லாத இடத்தில் எழுதப்பட்டது.

வட்டக்கச்சிப் பக்கம் ஓர் அம்மாவின் வீடு எங்கள் பட்டியலில் முதலாவது. தறப்பாளுக்குக் கீழே ஏழு பேர். நான் போகும்போதெல்லாம் கேட்பார்:

"தம்பி, ஜப்பான்காரன் காசு தாறானாமே, எங்களுக்கு எப்ப வரும்?"

"பேச்சுவார்த்தை திரும்பத் தொடங்க வேணும் அம்மா."

"நான் ஆரோட பேச வேணும் தம்பி?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே, தான் யாரிடமாவது போய்ப் பேச வேண்டியிருக்கிறதோ என்று நினைத்துத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொப்பியை மூடிக்கொண்டு வந்தேன்.

வடகிழக்குக்கென்று ஒரு மீள்கட்டுமான நிதியம் அமைத்து, உலக வங்கியைப் பொறுப்பாளராக வைக்கப் பேச்சில் உடன்பட்டிருந்தார்கள். அது இயங்கவே இல்லை. அதே காலத்தில் தெற்கில் வீதி, மின்சாரத் திட்டங்களுக்கான கடன்கள் பெரும்பாலும் வழமைபோல் போய்க்கொண்டிருந்தன. பெரிய கடன் கொடுப்பவர்கள் தங்கள் திட்டங்களை நிறுத்த விரும்பவில்லை. ஆக, முடிவெடுக்கிற இடத்தில் நிபந்தனை அழுத்தவில்லை. முடிவெடுக்க முடியாத சனம் இருந்த இடத்தில்தான் அது வந்து குந்திக்கொண்டது.

ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். வீடு, கிணறு, பள்ளிக்கூடம் இவற்றை நிபந்தனைக்கு வெளியே எடுங்கள், பெரிய கடன்களில் மட்டும் அதைப் போடுங்கள் என்றேன். எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர். "அப்படிப் பிரித்தால் அழுத்தம் எங்கே இருக்கும்?" என்று கேட்டார். அழுத்தம் அந்த அம்மாவின் தறப்பாளில்தான் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அப்புறம் எல்லாம் வேகமாகச் சரிந்தது. சுனாமி வந்தது. உதவியைப் பகிர 2005 ஜூனில் இரு தரப்பும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கிய பகுதிகளுக்கு அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2006 ஆகஸ்டில், வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி பூட்டப்பட்டது. அதன்பின் மேற்கு நாடுகள் சில உதவியைக் குறைத்தன. ஆனால் கொழும்புக்கு அதற்குள் வேறு கதவுகள் திறந்திருந்தன. அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீனா கடன் கொடுத்தது அந்தக் காலத்தில்தான். கடன் கொடுக்க இன்னொருவர் இருக்கும்வரை ஒருவர் மறுப்பது பெரிய விஷயமில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் 2.6 பில்லியன் டொலர் கடனுக்கு 2009 ஜூலையில் அனுமதி கிடைத்தது. போர் அதற்கு இரண்டு மாதம் முன்பே முடிந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை ஏற்றுமதிகளுக்குக் கொடுத்துவந்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது 2010 ஆகஸ்டில். அதில் அடிபட்டது ஆடைத் தொழிற்சாலைகள், அங்கே வேலைசெய்த பெண்பிள்ளைகளின் பிழைப்பு.

பொருளாதார அழுத்தம் எங்குமே பலிக்காது என்று நான் சொல்லவில்லை. எங்கள் நாட்டில் அதைப் பிழையான இடத்தில் வைத்தார்கள் என்கிறேன். 'வீதியைத் திற', 'உணவு லொறியை விடு' என்று இரு தரப்பிடமும் குறிப்பாக ஒன்றைக் கேட்டு, அது நடந்த அன்றே பணம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன். 'கணிசமான முன்னேற்றம்' என்ற சொல்லை யார் அளப்பது?

2008 செப்டெம்பரில் நிறுவனங்களை வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். போகாதீர்கள் என்று ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி மன்றாடியது. நான் அதற்கு முன்பே வவுனியாவுக்கு மாற்றலாகிவிட்டேன்.

2011இல் இன்னொரு வீட்டுத் திட்டத்தின் கணக்கெடுப்புக்காக அதே ஊருக்குப் போனேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு, குந்தில் இடம் ஒதுக்கி இருக்கச் சொன்னார். படிவத்தின் முதல் வரியில் மறுபடியும் அவர் பெயரை எழுதினேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு பேர் என்றார்.