நடுத்தூண் போன பிறகு

தை மாதம், சம்பா அறுவடை மும்முரம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில், நெல் மூட்டை ஏற்றிய லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கட்டடத்தின் முன்வரிசை நடுத்தூணில் மோதிவிட்டது. கீழே கடைகள், மேலே இரண்டு மாடி. கட்டடப் பொறியாளனான நான் போய்ச் சேர்ந்தபோது தூணின் அடியில் முழங்கால் உயரத்துக்கு கான்கிரீட்டே இல்லை. நான்கு 16 எம்.எம். கம்பிகள் மட்டும் வில்லாக வளைந்து வெளியே தள்ளியிருந்தன. அவற்றைச் சுற்றிக் கட்டிய ரிங்குகள் வாயைப் பிளந்து கிடந்தன. ஆனால் கட்டடம் நின்றுகொண்டிருந்தது.

"விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லுங்க சார்" என்றார் உரிமையாளர்.

எல்லோரையும் வெளியேற்றிவிட்டு முட்டுக் கொடுக்கச் சொன்னேன். மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். எங்கள் பக்கம் களிமண் பூமி, வெறும் கம்பை நட்டால் பாரம் ஏற ஏற மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் தடிமனான பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் சவுக்குக் கம்புகளை நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து அடித்தார். அப்புறம் ஒவ்வொரு கம்பையும் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காதைக் கொடுத்தார். "இது சும்மா நிக்கிது தம்பி, இது தூக்குது" என்று பிரித்துச் சொன்னார். சும்மா நின்றவற்றுக்கு இன்னொரு ஆப்பு.

அன்றிரவு லேப்டாப்பில் கட்டடக் கணக்குப் போடும் ஈடாப்ஸ் மென்பொருளைத் திறந்து, அளந்து வந்த அளவுகளை வைத்து அந்தக் கட்டடத்தை வரைந்தேன். முன்வரிசை நடுத்தூணைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தேன். இந்த வகைக் கணக்கின் சாரம் இவ்வளவுதான். ஒரு மதகை மூடினால் தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குத் திரும்பும். அந்தக் கரை தாங்குமா? தாங்காமல் உடைந்தால் அந்த வெள்ளம் அதற்கடுத்த கரையில் போய் மோதும். கட்டடத்தில் இதற்குப் பெயர் தொடர் சரிவு.

தூண் போனதும் 12 அடி பீம்கள் இரண்டும் சேர்ந்து ஒரே 24 அடி பீம் ஆகிவிடுகின்றன. பரவிய சுமைக்கு வளைவு விசை நீளத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது நான்கு மடங்கு. போதாததற்குத் தூண் மெதுவாகப் போகவில்லை, திடீரென்று போனது. ஸ்பிரிங் தராசின் தட்டைத் தொடுகிற மாதிரி 5 கிலோ பையைப் பிடித்துக்கொண்டு சட்டென்று கையை விட்டுப் பாருங்கள், முள் ஒரு கணம் 10 கிலோவைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். அமெரிக்க அரசுக் கட்டடங்களுக்கான 2003ஆம் ஆண்டு வழிகாட்டி இதற்காகத்தான் அசைவைக் கணக்கில் எடுக்காத எளிய நிலைக் கணக்கில் சுமையை 2ஆல் பெருக்கச் சொன்னது. கம்பி இளகி வளைந்து கொடுக்கும் என்பதால், சாதாரண அமைப்புள்ள கட்டடத்தில் பீமின் தாங்குதிறனைப் போல இரண்டு மடங்கு வரை விசை வந்தாலும் ஏற்றுக்கொண்டது.

எனக்கு அந்த எல்லைக்குக் கொஞ்சம் உள்ளே விடை வந்தது. தாங்கும். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை முதல் மாடி பீம் அந்தத் தூணில் சேரும் இடத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தோம். மேல்கம்பி ஒழுங்காகத் தொடர்ந்து ஓடியது. கீழ்க்கம்பிகளோ இரண்டு பக்கமிருந்தும் வந்து தூணுக்குள் ஒரு சாண்கூட நுழையாமல் நின்றுவிட்டன. கட்டியவர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. தூண் இருக்கும்வரை அந்த இடத்தில் பீம் மேல்பக்கம்தான் இழுபடும், கீழ்க்கம்பிக்கு அங்கே வேலையே இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, தொடர் பீமில் கீழ்க்கம்பியில் நான்கில் ஒரு பங்கு தூணுக்குள் போனால் போதும் என்கிறது. மேலும் கீழும் இரண்டு கம்பியாவது பீம் முழுக்க ஓட வேண்டும் என்பது நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920. தஞ்சை வட்டாரம் அப்போது நிலநடுக்க அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலம், அங்கே அது கட்டாயமில்லை. தூண் போன மறுகணம் எல்லாம் தலைகீழ். கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, இழுவையைத் தாங்கக் கம்பி இல்லை. பீம் துணிக்கொடி மாதிரி தொங்கியாவது நிற்கலாம் என்றால், கீழ்ப்பக்கக் கொடி நடுவில் அறுந்திருக்கிறது.

மாடலில் அந்த இடத்தில் கம்பித் தொடர்ச்சியை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். மூன்று தளமும் கீழே வந்தன. நிமிர்ந்து பார்த்தால் கட்டடம் அப்படியே நிற்கிறது, முட்டு வைப்பதற்கு முன்பும் நின்றது.

விடை சுவரில் இருந்தது. மாடிகளின் முன்பக்கம் 9 அங்குலச் செங்கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள். ஜன்னல் மூலையிலிருந்து பக்கத்துத் தூணை நோக்கிப் படிக்கட்டு மாதிரி விரிசல் இறங்கியிருந்தது. சுவருக்குள் பாரம் சாய்வாக இறங்கிப் பக்கத்துத் தூண்களுக்குப் போயிருக்கிறது. மாடலில் நான் வெறும் சுமையாகப் போட்டிருந்த சுவர்தான் மாடியைச் சுமந்துகொண்டிருந்தது. முதல் நாள் என் கணக்கில் இரண்டு தப்பு, ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டதால் விடை மட்டும் சரியாக வந்திருந்தது. இப்படிப்பட்ட சரியைவிடத் தப்பே மேல்.

விரிசல்களுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை பிளாஸ்டர் வைத்து ஒட்டினோம். விரிசல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும். எட்டில் ஒன்று மட்டும் இரண்டாம் நாள் உடைந்தது. பழைய தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு முடிக்கும்வரை மற்றவை அப்படியே இருந்தன.

தொடர் சரிவு வெறும் கணக்கல்ல. 1968இல் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்து ஒரு சுவர்ப் பலகை பிய்ந்துபோனது. அந்த மூலை முழுக்க, மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ஓர் அரசுக் கட்டடத்துக்கு முன்னால் குண்டு வெடித்தபோது நிலைமை வேறு. அங்கே முகப்பில் கீழ்த்தளத் தூண்கள் தள்ளித் தள்ளி நின்றன, மேலே இருந்த தூண்களில் பாதி மூன்றாம் தளத்து நீளப் பீமில்தான் உட்கார்ந்திருந்தன. 168 பேர் இறந்தார்கள். கடைக்கு முன்னால் பில்லர் மறைக்கக் கூடாது என்று என்னிடம் யாராவது வந்து உட்காரும்போது அந்தப் பீம்தான் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது என் வரைபடங்களில் கீழ்க்கம்பி தூணைத் தாண்டித்தான் ஓடும். கம்பி கட்டுகிறவர்கள் முணுமுணுப்பார்கள், "இவ்ளோ கம்பி போட்டா ஜல்லி எங்க சார் எறங்கும்?" நியாயமான கேள்விதான். 12 எம்.எம். ஜல்லிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.

வேலை முடிந்து கணக்குத் தீர்க்கும் அன்று உரிமையாளர் காபி வரவழைத்தார். முதல் மாடியை ஜவுளிக்கடைக்கு விட ஆள் வந்திருக்கிறதாம். "தூணுதான் இப்ப கெட்டியா ஆயிடுச்சே சார்" என்று இழுத்தார். "அந்த முன்பக்கச் சுவர எடுத்துட்டு ஃபுல்லா கண்ணாடி போட்டுரலாமா?"