கதை சொல்லும் தேர்வில் 38 மார்க் வாங்கிய கதை

குழுத் தலைவர்களுக்கான 12 வாரப் பயிற்சி அது. கடைசித் தேர்வு இப்படி: உங்கள் வேலையிலிருந்து ஓர் உண்மைக் கதையை ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தேர்வாளர்கள் முன் சொல்ல வேண்டும், ஸ்லைடு கிடையாது, கையில் தாள் கிடையாது, அப்புறம் அந்தக் கதையைப் பற்றி நீங்களே 1,500 சொற்களில் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். கேட்டபோது சிரிப்பு வந்தது. கதை சொல்லவா ஒரு தேர்வு? முதல் முறை 100க்கு 38.

நான் சொன்னது, எங்கள் குழு புதிய மென்பொருளுக்கு மாறிய கதை. பழையதில் என்ன குறை, புதியது ஏன் வேண்டும், நடுவில் சில தடைகள் வந்தன, எல்லோரும் இரவு பகலாக உழைத்தோம், மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. முடித்ததும் ஒரு தேர்வாளர் கேட்டார்: “இதில் நீங்கள் எந்த இடத்தில் வேறு முடிவு எடுத்திருக்கலாம்?” எதையோ சொல்லி மழுப்பினேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, நான் சொன்னதில் நான் எடுத்த முடிவு என்று ஒன்றுமே இல்லை. மாதாந்திர அறிக்கையை ஏற்ற இறக்கத்தோடு படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மறுதேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. பாடத்தில் வந்தும் நான் அலட்சியமாகப் புரட்டிய ஒரு பெயர் மார்ஷல் கேன்ஸ். 1964-இல் ஹார்வர்டு படிப்பை நடுவில் விட்டுவிட்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்துக்குப் போனவர், பிறகு தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸோடு பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் 16 வருடம் வேலை பார்த்தவர், அதே ஹார்வர்டுக்குத் திரும்பி வந்து பாடம் நடத்துகிறவர். அவர் கதையை மூன்றாகப் பிரிப்பார்: என் கதை, நம் கதை, இப்போது செய்ய வேண்டியதன் கதை. இதைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு உதவியது அதற்கு உள்ளே இருக்கும் இன்னொரு மூன்று: ஒரு சவால், ஒரு தெரிவு, அதன் விளைவு. நடுவில் இருக்கிறதே தெரிவு, அதாவது இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்று நீங்கள் நின்ற அந்த நிமிடம், அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வெறும் தகவல்.

சரி, அதே மென்பொருள் கதையில் அப்படி ஒரு நிமிடம் இருந்ததா என்று யோசித்தேன். இருந்தது. நான்தான் அதை ஒளித்து வைத்திருந்தேன்.

மாறிய அன்று மாலை எங்கள் ஜூனியர் ஒருவர் வந்து, “பேக்கப்பை ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்த்துவிடலாமா?” என்று கேட்டார், அதாவது எடுத்து வைத்த நகலிலிருந்து தரவைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று. பார்த்துக்கலாம் என்றேன். இரவு வேலை பாதியில் நின்றது, பேக்கப் திறக்கவே இல்லை, இரண்டு நாள் பதிவுகள் போயின, ஒன்பது பேர் உட்கார்ந்து கையால் மறுபடி ஏற்றினோம். மறுநாள் கூட்டத்தில் மேலாளர் கேட்டார், கடைசிக் கட்டளையை ஓட்டியது யார் என்று. யார் என்ன செய்தார்கள் என்று கணினி குறித்து வைக்கும் லாகில் இருந்தது அந்த ஜூனியர் பெயர். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். நாலைந்து விநாடி அப்படித்தான் இருந்தேன். அப்புறம், “அவர் எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை” என்று சொன்னேன்.

இதைத் தேர்வில் சொல்லலாமா என்று அந்த ஜூனியரிடமே கேட்டேன். இதை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள், அடுத்தவர் வரும் கதைக்கு அனுமதி கேட்பது மரியாதை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கேட்டபோது அவர் சொன்னார்: “தாராளமா சொல்லுங்க சார். ஆனா நீங்க ‘பார்த்துக்கலாம்’னு சொன்னது எனக்குப் பெருசா ஞாபகம் இல்ல. திரையிலிருந்து தலையை எடுக்கவே இல்லையே, அதுதான் ஞாபகம்.” நான் ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தாலும் இந்த வரி எனக்குக் கிடைத்திருக்காது. கதைக்கான சரக்கு பெரும்பாலும் எதிரே இருந்தவரிடம்தான் இருக்கிறது.

பயிற்சி எளிமையானது, எரிச்சலானதும்கூட. போனில் பதிவு செய்து கேட்டேன், முதல் பதிவு 11 நிமிடம். பழைய மென்பொருளின் குறைகள் மட்டுமே நாலு நிமிடம்! அதை அப்படியே வெட்டிவிட்டு, ஜூனியர் வந்து நின்ற இடத்திலிருந்து ஆரம்பித்தேன். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் மறந்தால் மொத்தமும் சரியும். முதல் வாக்கியம், திருப்பம், கடைசி வாக்கியம் இந்த மூன்றும் உறுதியாக இருந்தால் போதும்.

கட்டுரைக்கு வருவோம், பலர் மார்க்கை விடுவது இங்கேதான். கதை 22 மடங்கு அதிகம் நினைவில் நிற்கும் என்று ஓர் எண் சுற்றிக்கொண்டிருக்கிறது, எந்த ஆய்வு என்று யாரும் காட்டுவதில்லை, அதை எழுதாதீர்கள். நான் எழுதிய உதாரணங்கள் இரண்டு. ஒன்று உலக வங்கி அதிகாரியாக இருந்த ஸ்டீபன் டென்னிங். 1996-இல் உலக வங்கிக்குள் அறிவைப் பகிரும் ஏற்பாடு வேண்டும் என்று வரைபடங்களாகக் காட்டிப் பார்த்தார், எடுபடவில்லை. பிறகு, ஜாம்பியாவின் ஒரு சிற்றூரில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் மலேரியா பற்றிய தன் கேள்விக்கு அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்தில் விடை தேடி எடுத்ததைச் சொன்னார். அந்தக் காட்சியில் உலக வங்கி எங்குமே இல்லை, அதுதான் கதையின் கூர். மிகச் சின்னக் கதை, மீதியைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

இன்னொன்று எதிர்த்திசையில். 2007-இல் வெளியான ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரின் ஆய்வில், கையில் 5 டாலர் இருந்தவர்கள் ரோக்கியா என்ற ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தபோது சராசரியாக 2.38 டாலர் நன்கொடை கொடுத்தார்கள், லட்சக்கணக்கானோரின் பசி பற்றிய புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் 1.43-தான். பயிற்சியில் பலரும் இதைக் கதையின் வெற்றி என்று எழுதினார்கள். எனக்கு இது பயமாகவும் இருந்தது. ஒரே ஒரு முகத்தைக் காட்டி லட்சம் பேரின் கணக்கை மறக்கடிக்க முடியும் என்றால், ஒரு தலைவர் தனக்கு வசதியான ஒரு வாடிக்கையாளரின் கதையைச் சொல்லி மொத்தக் குழுவையும் தப்பான பக்கம் திருப்பவும் முடியும்தானே. அதனால் இப்போதெல்லாம் கூட்டத்தில் கதை சொன்னால், இது எத்தனை பேருக்கு நடந்தது என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன். கதையின் சூடு கொஞ்சம் குறையும், குறையட்டும். கட்டுரையில் அதிக மார்க் கிடைத்தது இந்தப் பத்திக்குத்தான்.

மறுதேர்வில் அதே தேர்வாளர் இருந்தார். பழைய கேள்வியையே கேட்பார் என்று விடை தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு: “இப்போது அந்த ஜூனியர் வந்து ஏதாவது சொன்னால் தலையைத் தூக்குகிறீர்களா?”

“பெரும்பாலும்,” என்றேன்.

74 வந்தது.