மண்ணும் நீரும் மேப்பிள் பாகும்: அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4
இரவு மைனஸ் 6 டிகிரி, பகல் 5. மேப்பிள் மரங்களில், காய்ச்சிப் பாகாக்கும் சாறு இறங்கத் தொடங்கிவிட்டது. 25 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத மரத்துக்கு ஒரே துளை: 5/16 அங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழம். தூள் வெளிறி வரவேண்டும். பழுப்பாக வந்தால் செத்த கட்டை, சாறு சுரக்காது.

சாலையோர மரங்களைத் தொடவில்லை. பனி உருகக் கொட்டும் உப்பிலுள்ள சோடியம் மண்ணின் கால்சியத்தை விரட்டுகிறது. கோடையில் இலை ஓரம் கருகிய மரம் சர்க்கரையைச் சேர்த்துவைக்காது.

மார்ச் 9
மேட்டுச் சரிவில் சாறு 1.5 பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீதம்), கீழே ஈரம் தங்கும் ஆழமான மண்ணில் 2.3. கணக்கு எளிது: 86-ஐ பிரிக்ஸால் வகுத்தால் ஒரு லிட்டர் பாகுக்கு வேண்டிய சாறு. மேலே 57 லிட்டர், கீழே 37. விறகுச் செலவே மாறிவிடுகிறது. முழுக்க மண்ணால் மட்டும் என்று சொல்லமாட்டேன். கீழுள்ள மரங்களின் தலையும் விரிந்தது.

மார்ச் 15
பாத்திரத்தின் அடியில் வெளிர் பழுப்புப் படிவு ஏறுகிறது. சுகர் சாண்ட், அதாவது சர்க்கரை மணல் என்பார்கள். பெரும்பகுதி கால்சியம் மாலேட்: வேர் மண்ணிலிருந்து ஏற்றிய கால்சியம், மரத்தின் மாலிக் அமிலத்தோடு சேர்ந்த உப்பு. சாறு சுண்டச் சுண்டக் கரைந்து நிற்க முடியாமல் பிரிகிறது. மரத்துக்கு மரம், வாரத்துக்கு வாரம் அளவு மாறும். படிவு தடித்தால் சூடு தகட்டிலேயே தங்கி அடிப்பிடிக்கும். அந்த வாடை வடிகட்டினாலும் போகாது.

தண்ணீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி ஏறியதும் இறக்கி, ஆறுமுன் கம்பளி ஃபெல்ட் துணியில் வடிகட்டவேண்டும். கொதிநிலையை அன்றன்று வெறும் தண்ணீரில் பார்த்துக்கொள்வது நல்லது. காற்றழுத்தத்தோடு அது மாறும். புட்டியில் ஊற்ற 82–88 டிகிரி போதும். மறுபடி கொதிக்கவிட்டால் வடிகட்டிய பாகிலேயே புதிதாக மணல் பிரியும். பாத்திரத்தில் ஒட்டியதை வெள்ளை வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்தால் கழன்றுவரும்.

மார்ச் 22
கிணற்று நீரில் இரும்பு வாடை இருந்தால் பாகிலும் வீசுமா என்று கேட்கிறார்கள். வேர் எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுவதில்லை. ஆனால் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் நிலத்தடி நீரிலிருந்து அடிமரம்வரை ஏறும். பழைய குப்பைமேடு, எண்ணெய் கொட்டிய இடம் பக்கத்தில் துளை போடவே கூடாது.

கிணற்று நீர் நேராகப் பாகைத் தொடுவது கழுவும்போதுதான். கடின நீர் காய்ந்தால் வெள்ளைப் பொருக்கு நிற்கும். கிருமி நீக்க சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) பயன்படுத்தினால் நன்றாக அலசுங்கள். மிஞ்சும் உப்புக்காக அணில்கள் சாறு வரும் குழாயைக் கடிக்கும். கழுவியபின் வரும் முதல் சாற்றையும் கீழே ஊற்றிவிடுங்கள்.

ஏப்ரல் 27
மொட்டு வெடித்த பின் சாறு கசக்கும், நிறுத்தியாயிற்று. இப்போது மண்ணைப் பார்க்கலாம். காட்டு லீக் (வெங்காய வகைச் செடி), மெய்டன்ஹேர் பெரணி தழைத்திருந்தால் கால்சியம் உள்ள நிலம். அமில மழை இந்தப் பகுதி மண்ணிலிருந்து கால்சியத்தை அரித்தது. கரைந்த அலுமினியம் வேரைக் கெடுத்தது. பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில் 1999-இல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிகேட் தூவியபின் சர்க்கரை மேப்பிள்கள் தேறின. வீட்டுத் தோப்புக்கு முதலில் மண் பரிசோதனை. பி.எச். 5.5-க்கும் 7.3-க்கும் நடுவே இருந்தால் சுண்ணாம்பு வேண்டாம். குறைந்தால் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைத் தூவலாம். பலன் கண்ணில் பட ஆண்டுகள் ஆகும்.